குழாயின் வாயை என் பக்கம் திருப்பு

தம்பி,

சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்டு இதை ஆரம்பிக்கப் பெற்றவள் எனக்கு மனசு வரவில்லை. நீ நன்றாகத்தான் இருக்கிறாய். போன தடவை வந்தபோது கன்னம் உப்பியிருந்தது. நீ கேட்டுக்கொண்டபடி நேற்று பக்கத்து வீட்டுக்குப் போய், சுப்பையா அண்ணனிடம் அவர் மகள் கவிதாவை உனக்குப் பெண் கேட்டேன். தருகிறேன் என்றார். உடனே போனை எடுத்து அவளுக்கு இதயப் படம் அனுப்பிவிடாதே. ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். உன்னைக் கேட்காமலே நான் சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது நடந்தால்தான் உனக்குக் கல்யாணம், இல்லாவிட்டால் இல்லை. என்ன நிபந்தனை என்று பக்கத்தைப் புரட்டித் தேடாதே. அதன் இடம் வரும்போது சொல்கிறேன். அதற்கு முன்னால் நீ கேட்டே ஆகவேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

இதைப் போனில் சொல்லலாம்தான். நான் பேசினால் நீ எதையோ பார்த்துக்கொண்டே "ம்... ம்..." கொட்டுவாய். குரலைப் பதிந்து அனுப்பினால் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய். என் குரல் அணில் கத்துகிற மாதிரி இருக்கிறது என்று நீயே ஒரு நாள் சொல்லிச் சிரித்தாய். அதனால்தான் காகிதம். நாளைக் காலை கவிதா நீ இருக்கிற ஸ்கூடாய்க்கே வேலைக்குத் திரும்புகிறாள். அவள் கையில்தான் இதைக் கொடுத்தனுப்பப் போகிறேன். உறையை ஒட்டவில்லை. பஸ்ஸில் அவள் பிரித்துப் படித்தால் படிக்கட்டும். அவள் அப்பாவிடம் காட்டினாலும் காட்டட்டும். இதில் இருக்கிறதெல்லாம் அவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டதுதான், அவர்களுக்குப் புதிதாக ஒன்றும் இல்லை.

இந்த லாயாங் லாயாங் தாமான் வீட்டு வரிசைக்கு நாம் குடிவந்த வருஷமே உன் அப்பா லாரி ஓட்டிக்கொண்டு காஹாங் ஊருக்குப் போய் அங்கே இன்னொருத்தியோடு தங்கிவிட்டார். உன்னை வளர்க்க நான் தெருமுனையில் ஒரு தள்ளுவண்டியும் பெரிய குடையும் வைத்து வாழைப்பழம் பொரித்து விற்றேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு இந்தப் பக்கத்துச் சனம் முழுக்க என் வண்டியைச் சுற்றித்தான் நிற்கும். அந்த கேஸ் அடுப்பு உனக்கு ஞாபகம் இருக்கும், பற்றவைத்தால் உறுமும். பழைய எண்ணெயை நான் சுப்பையா அண்ணன் வீட்டு முன்னால் ஓடுகிற சாக்கடையில் ஊற்றினேன். ஊற்றாதே தங்கச்சி, அடைக்கிறது, நாறுகிறது என்று அவர் சொல்லிப் பார்த்தார். சாக்கடை உங்கள் அப்பன் எழுதிவைத்த சொத்தா என்று நான் கேட்டேன். என் வாய் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் கவுன்சிலில் போய்ச் சொன்னார். கவுன்சில் லாரி வந்தது. வண்டி போனது, குடையும் போனது. ஏற்றுகிற அவசரத்தில் குடையின் கீழ்க்குழாய் கழன்று ரோட்டில் விழுந்து உருண்டது. இரும்புக் குழாய், அதை மட்டும் நீ ஓடிப்போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தாய். அடுப்பு அன்றைக்குக் கழுவுவதற்காக வீட்டில் இருந்ததால் தப்பித்தது. மறுவாரமே நான் டவுன் சாப்பாட்டுக் கடையில் தட்டு, மங்கு கழுவப் போனேன்.

நீ ஸ்கூல் முடித்துவிட்டு வேலைக்கும் போகாமல் வீட்டில் கிடந்த வருஷம் அது. செம்பனைத் தோட்டத்துக் குத்தகைக்காரர் ஒருவர் தூக்கிப்போட்ட புல் வெட்டும் மெஷினிலிருந்து இன்ஜினைக் கழற்றி எடுத்து வந்தாய். அதை உன் பழைய சைக்கிளில் ஏற்றி, ஒரு உருளையைப் பின் டயரின்மேல் உரசவைத்து ஓடவைத்தாய். கெட்டிக்காரன்தான், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. புகை போகிற பெட்டியைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் நீளமாக ஒரு குழாய் போட வேண்டும், அதுவும் நடுவில் பருத்து இரண்டு பக்கமும் சிறுத்து இருந்தால்தான் இன்ஜினுக்கு இழுவை வரும் என்று எனக்குப் பாடம் நடத்தினாய். வேகத்துக்கு அலைந்தாய் நீ. கையில் இருந்தது என் குடைக் குழாய் ஒன்றுதான். அதை அப்படியே மாட்டினால் இழுவை போய்விடும், வெறும் சத்தம்தான் வரும் என்றாய். எனக்கு அது போதும் என்று நான் சொன்னேன்.

வளைத்த கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் நீ வேறு விதமாகச் சொல்லியிருக்கிறாய் என்று நேற்றுத்தான் தெரிந்துகொண்டேன். வெறும் குழாயை வளைத்தால் நசுங்கிவிடும் என்று அதற்குள் மணலை நிரப்பினாய். ரோட்டோரம் வீடு கட்டுகிறவன் கொட்டிவைத்த மணல், முந்தின நாள் மழையில் ஊறியது. இரண்டு பக்கமும் மரக்கட்டையைச் செதுக்கி அடித்து இறுக்கினாய். வீட்டுப் பின்கட்டில் என் அடுப்பைப் பற்றவைத்து, குழாயைத் தீயில் காட்டினாய். குழாய் சிவப்பதற்குள் உள்ளே இருந்த ஈரம் ஆவியாகி ஒரு பக்கத்து மரக்கட்டையைப் பிடுங்கி எறிந்தது. வெடி வெடித்த மாதிரி சத்தம். கட்டை உன் காதை உரசிக்கொண்டு போய் மேலே கூரைத் தகரத்தைக் குழியாக்கிக் கீறிவிட்டது. அந்தக் குழி இன்னும் அங்கேதான் இருக்கிறது, மழை பெய்தால் அந்த இடத்தில் சொட்டுகிறது. நான் உன்னை ஓங்கி ஒரு அறை விட்டேன். பிறகு வாழைப்பழம் பொரித்த அதே சட்டியை அடுப்பில் வைத்து மணலைக் கொட்டி, கடலை வறுக்கிற மாதிரி வறுத்தேன். கையில் அள்ளினால் விரல் இடுக்கில் நழுவிப் போகும்வரை வறுத்தேன். அதை நிரப்பித்தான் நீ குழாயைச் சிவக்கக் காய்ச்சி, பழைய மோட்டார் சைக்கிள் ரிம்மைச் சுற்றி மெதுவாக வளைத்தாய். ஒரு சுருக்கம் விழவில்லை.

வாயை எந்தப் பக்கம் வைப்பது என்ற பேச்சு அப்போதுதான் வந்தது. பின்னால் பார்த்து இருக்கட்டும் என்றாய் நீ. அந்தப் பக்கம் திருப்பு என்று நான் சொன்னேன். அந்தப் பக்கம் என்றால் எந்தப் பக்கம் என்று நீ கேட்கவில்லை. சுப்பையா அண்ணன் பாம் ஆயில் மில்லில் ராத்திரி வேலை பார்க்கிறார், விடிந்த பிறகு வந்து நம் சுவரை ஒட்டிய அறையில் படுத்துத் தூங்குகிறார் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சைக்கிளை அது நிற்கிற இடத்தில் நிறுத்திவிட்டு, நீயே சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, குழாய் வாயிலிருந்து அவர் ஜன்னல் கண்ணாடிப் பட்டைகளுக்கு நேர்கோடு பார்த்தாய். "இன்னும் கொஞ்சம் மேல தூக்கணும்மா," என்று நீ சொன்ன வார்த்தை என் காதில் இருக்கிறது. மறுபடியும் தீயில் காட்டி மேலே தூக்கினாய். வாய் அவர் தலைமாட்டுக்கு நேராக நின்றது. நாம் இரண்டு பேரும் சிரித்தோம். இந்த வீட்டில் நாம் அப்படிச் சேர்ந்து சிரித்தது அதற்கு முன்னால் எப்போது என்று எனக்கு ஞாபகம் இல்லை.

அதற்குப் பிறகு தினமும் காலையில் நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். அவர் வந்ததும் ஸ்டார்ட் பண்ணாதே, கொஞ்சம் அசந்து தூங்கட்டும் என்று நான்தான் சொன்னேன். அது என் மூளை, அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நான் கடைக்கு மங்கு கழுவக் கிளம்பிப் போன பிறகும் நீ முறுக்கினாயே, அது யார் மூளை? ஞாயிற்றுக்கிழமை நான் தலைவலி என்று படுத்திருந்தபோது, வேண்டாம்டா இன்றைக்கு விடு என்று சொன்னேன். நீ கேட்காமல் போய் முறுக்கிவிட்டு வந்தாய். கூட்டாளிகளைக் கூட்டிவந்து அந்த ஜன்னலைக் காட்டினாய். உள்ளே அவர் கட்டிலைவிட்டு எழுந்து உட்காருகிற சத்தத்தைக் கேட்கச் சொன்னாய். ஒரு நாள் அவர் வேலி ஓரமாக வந்து நின்றார். பெண்டாட்டி போன மனுஷன், சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தார், கண் இரண்டும் வீங்கியிருந்தது.

"தம்பி, அண்ணனுக்கு நைட் ஷிப்ட்லா. கொஞ்சம் ரோட்டுக்குத் தள்ளிக்கிட்டுப் போயி ஸ்டார்ட் பண்ணுப்பா," என்றார்.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். "எங்களுக்கு என்ன சட்டம் தெரியும்? தெரிஞ்சவங்க நீங்க, கவுன்சில்ல போயி சொல்லுங்கண்ணே," என்று நான் சொன்னேன். அவர் கவுன்சிலுக்குப் போகவில்லை. என் வண்டியைக் காட்டிக்கொடுத்ததில் அவருக்கே மனசு கூசியிருந்தது என்று பிறகு ஊரில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்போது அதெல்லாம் காதில் ஏறவில்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதைப் பார்த்து எனக்கு வயிறு குளிர்ந்தது. உள்ளதைச் சொல்கிறேன்.

அப்புறம் ஒரு காலையில் அவர் வீடு வந்து சேரவில்லை. மில்லிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது, செம்பனைக்கு நடுவில் போகிற அந்த நேர் ரோட்டில், உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். வண்டி மதகில் மோதியது. முழங்காலுக்குக் கீழே ஒரு காலை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். அன்று நீ அதிகாலையிலேயே சைக்கிளை வெளியே வைத்துத் தயாராகக் காத்திருந்தாய். செய்தி வந்ததும் ரம்பத்தை எடுத்து அந்தக் குழாயை இன்ஜினோடு ஒட்டி அறுத்தாய், தோட்டத்து வாய்க்காலில் கொண்டுபோய்ப் போட்டாய். சைக்கிளைத் தார்ப்பாய் போட்டு மூடினாய். அவரைப் போய்ப் பார்க்கலாமா என்று நீயும் என்னைக் கேட்கவில்லை, நானும் உன்னைக் கேட்கவில்லை. ஸ்கூலுக்குப் போகிற வயசில் கவிதா தன்னந்தனியாக அப்பாவுக்குக் கட்டு மாற்றினாள், கஞ்சி வைத்தாள், கழிப்பறைக்குத் தாங்கிக் கூட்டிப்போனாள். எல்லாம் நமக்குச் சுவரின் இந்தப் பக்கம் கேட்டது. முன்பு அவர்கள் வீட்டில் கேட்ட சத்தத்தை நாம் கொடுத்தோம், பிறகு நம் வீட்டில் கேட்ட சத்தத்தை அவர்கள் கொடுத்தார்கள்.

வருஷங்கள் போயின. இப்போது நீ ஸ்கூடாயில் அறை எடுத்து, விடியும் முன்னால் பாலம் தாண்டி சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்குப் போகிறாய். குழாய் வளைப்பதற்கே உனக்குச் சம்பளம் தருகிறார்கள். அவளுக்கும் அதே ஸ்கூடாயில் கிளினிக்கில் வேலை. எங்கே பார்த்தீர்கள், எப்படிப் பேசினீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. ஆனால் எனக்கு ஒன்று மட்டும் புரியவேயில்லை. அந்தப் பெண் உன்னை ஏன் ஏறெடுத்துப் பார்த்தாள்? உன் அழகுக்கா? உன்னைப் பெற்றவள் நான், எனக்கே அது தெரியவில்லை. அந்த யோசனையோடுதான் நேற்றுத் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். சுவரைத் தாண்டினால் அவர் வீடு. நான் நம் கேட்டைத் திறந்து ரோட்டுக்கு வந்து, அவர் கேட் வழியாகப் போனேன். அவர் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கழற்றிய பொய்க்கால் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றது, அதற்கும் ஒரு சப்பாத்து மாட்டியிருந்தது. உட்காருங்க என்றார். கவிதா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் தட்டைப் பார்த்தார். பிறகு, "பொண்ணு ஆசப்பட்டுட்டா, நான் குறுக்க நிக்க மாட்டேன். உங்க மகன் வந்து பேசிட்டுப் போனாரு," என்றார். எப்போது வந்தான் என்றேன். போன தீபாவளிக்கு முன்னால், நான் கடையில் இருந்த நேரத்தில் என்றார். அவர் காலடியில் உட்கார்ந்து நீ அழுதாயாம். மூக்கு ஒழுக ஒழுக அழுதாயாம். "நான் சின்னப் பையன், எனக்கு ஒண்ணும் தெரியாது, அம்மா சொல்லித்தான் செஞ்சேன்," என்றாயாம்.

தம்பி, அந்த இடத்தில் என் கையிலிருந்த தேத்தண்ணி புடவையில் கொட்டிக்கொண்டது. அவர் காலைப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படி நெஞ்சு எரியவில்லை. நீ மன்னிப்புக் கேட்டது தப்பா? இல்லை. நான் கேட்காததைக் கேட்டாய், நல்லது. ஆனால் போவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை, வாம்மா ரெண்டு பேரும் போவோம் என்று ஒரு வார்த்தை சொன்னாயா? என்னைக் கொண்டுபோய் அங்கே கொட்டிவிட்டு, நீ கையைக் கழுவிக்கொண்டு வந்தாய். திரும்பி வந்து என் கையால் சோறும் மீன் குழம்பும் தின்றாய். இரண்டாம் தடவை குழம்பு ஊற்றச் சொல்லித் தின்றாய்.

உனக்கு இது பழக்கம்தான். உன் அப்பா காஹாங்கிலிருந்து உன்னைக் கூட்டிப்போக வந்த நாளை நினைத்துப் பார். அறைக்குள் என்னிடம் வந்து, அவரோடு போக எனக்குப் பிடிக்கவில்லை என்றாய். வெளியே போய் அவரிடம், எனக்கு ஆசைதான், அம்மா விடமாட்டாங்க என்றாய். பிள்ளையைப் பிரித்துவைத்த பேய் என்று இன்றைக்கும் அந்த மனுஷன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் வாயைத் திறக்கவில்லை, சின்னப் பிள்ளை, அப்பனுக்குப் பயந்துவிட்டது என்று விட்டுவிட்டேன். மழை வந்தால் விரிப்பதற்கு என் பெயரை ஒரு குடையாக வைத்திருக்கிறாய். கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கும் இது தெரிந்திருக்கட்டும், நாளைக்கு அவள் பெயரையும் இப்படித்தான் விரிப்பாய். உன் பட்டறையில் மேலே இருக்கிறவன் ஒன்று செய்யச் சொல்வான். செய்கிறதானால் உன் கை செய்தது என்று சொல். முடியாது என்றால் செய்யாதே. கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு நான் சொல்கிற புத்தி இவ்வளவுதான்.

நிபந்தனைக்கு வருகிறேன். நான் புடவையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து, இப்போது என்ன செய்யவேண்டும் என்று சொல்லுங்கள் அண்ணே என்றேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. அந்தச் சைக்கிள் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். தார்ப்பாய்க்குள் இருக்கிறது என்றேன்.

"மாப்பிள்ளைக்குக் கார் ஜோடனை எல்லாம் வேணாம். மேளமும் வேணாம். உங்க வீட்டுலேருந்து கோயில் வரைக்கும் அந்தச் சைக்கிள்ல வரட்டும். பின்னாடி நீங்க உக்காரணும், தங்கச்சி. அதே மாதிரி பைப் போடச் சொல்லுங்க. வாய் மட்டும் உங்க காதுக்கு நேரா இருக்கணும்."

நான் கவிதாவைப் பார்த்தேன். அவள் தலை குனியவில்லை. "எனக்கு இதுல சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. அப்பா என்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான்," என்றாள். குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. இவள் நம் வீட்டுக்கு வந்தால் நீயும் நானும் வாலைச் சுருட்டிக்கொண்டு இருக்கவேண்டியதுதான் என்று அப்போதே தெரிந்துகொண்டேன். எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. சரி என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அவர் தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

அநியாயம் என்று நீ குதிப்பாய். கூட்டாளிகள் போன் எடுத்துப் படம் பிடிப்பார்கள், பட்டறையில் சிரிப்பார்கள் என்பாய். சிரிக்கட்டும். பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக நீ முன்னால் உட்காருவாய். நான் பட்டுப் புடவையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு பின்னால் உட்காருவேன். புல் வெட்டுகிற இன்ஜின் நம் இரண்டு பேரையும் இழுக்காது. ரயில் பாதைப் பக்கத்து மேட்டில் நீ எழுந்து நின்று மிதிக்கவேண்டியிருக்கும். தாமானே வாசலுக்கு வந்து நிற்கும். கோயில் வாசலில் அவர் பொய்க்காலை மாட்டிக்கொண்டு நிற்பார், நாம் வருகிற சத்தம் தூரத்திலேயே அவருக்குக் கேட்கவேண்டும். ஒரு காலுக்கு அவர் கேட்டது அவ்வளவுதான். அவர் இடத்தில் நான் இருந்தால் இவ்வளவு மலிவாக விட்டிருக்க மாட்டேன்.

கவிதாவிடம் போய் அழுது, அவள் அப்பாவிடம் பேசச் சொல்லி இதை மாற்றப் பார்க்காதே. வேண்டுமென்றால் கல்யாணம் வேண்டாம் என்று சொல், நீயே நேரில் வந்து சொல், உன் வாயால் சொல். அம்மாவுக்கு வயசாகிவிட்டது, அம்மாவுக்குப் பிரஷர், அதனால் முடியாது என்று மட்டும் சொன்னால் உன்னை நான் பெறவே இல்லை என்று நினைத்துக்கொள்வேன். எனக்குப் பிரஷர் இருக்கிறது, மாத்திரை போட்டுக்கொண்டு ஏறி உட்காருவேன். பட்டறை மெஷினில் வளைத்து எடுத்துக்கொண்டும் வந்துவிடாதே. இங்கே, பின்கட்டில், என் அடுப்பில், உன் கையால் வளைக்கவேண்டும். அன்றைக்கு அளவு பார்த்தாயே, அதே மாதிரி நான் சைக்கிளின் பின்னால் உட்காருகிறேன், நீ ஒரு கண்ணை மூடிக்கொண்டு என் காதுக்கு நேர்கோடு பார். கை நடுங்கினால் நடுங்கட்டும். அன்று நடுங்காததை நான் பார்த்தேன், இன்று நடுங்குகிறதா என்று பார்க்க எனக்கும் ஆசைதான். யார் சொல்லி வளைத்தாய் என்று கோயிலில் யாராவது கேட்டால் என்ன சொல்லப் போகிறாய் என்பதையும் கேட்க வேண்டும்.

டவுன் இரும்புக் கடையில் அதே பருமனில் குழாய் வாங்கி வைத்துவிட்டேன். இன்ஜினைத் துடைத்து வைத்திருக்கிறேன், பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றிப் பார்த்தேன், இருமிவிட்டு ஒரு தடவை பிடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகருகிற சத்தம் கேட்டது, உடனே நிறுத்திவிட்டேன். இனி நீ வந்துதான் ஸ்டார்ட் பண்ணவேண்டும். இன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது, அந்தத் தகரக் குழி வழியாகச் சொட்டியது, அதற்கடியில் வாளி வைத்தேன். பிறகு அடுப்பைப் பற்றவைத்து உட்கார்ந்தேன். மணலை வறுத்துவிட்டேன். கையில் அள்ளி அள்ளிப் பார்த்தேன், விரல் இடுக்கில் நிற்காமல் நழுவுகிறது. பயப்படாதே, கொஞ்சம்கூட ஈரம் இல்லை. வந்து வளை.

இந்தத் தடவையும் சொல்லிச் செய்யவைக்கும்,
அம்மா